விடுமுறையிலும் பெரட்டா?



ஆண்டு நடு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். ஆசிரியர் அறையில் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தோம். என் முகத்தையும் கைகளையும் உற்றுப் பார்த்த உடன்பணியாளர் ஒருவர், "என்ன டீச்சர், இப்படிக் கறுத்துப் போயிட்டீங்க?" என்று கேட்டார். குடும்பத்தோடு ஐந்து நாள் திரெங்கானுக் கடலோரமாக மிதிவண்டியில் சென்றோம், இரவில் கடற்கரையிலேயே கூடாரம் அடித்துத் தங்கினோம் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "உங்க மகளுக்கு அடுத்த வருசம் இடைநிலைப்பள்ளியாச்சே! அந்த அஞ்சு நாள்ல அஞ்சு கணிதத் தாள் முடிச்சிருக்கலாமே" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால், வீடு திரும்பிய பிறகும் அந்தச் சொல் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் நல்ல ஆசிரியர். மாணவர்கள்மீது உண்மையான அக்கறை கொண்டவர். ஆகவே இக்கட்டுரை அவருக்கு எதிரானதன்று. அவர் வாய்வழியாக வெளிப்பட்ட எண்ணத்திற்கு எதிரானது. அந்த எண்ணம் நம்மில் பெரும்பாலோர் வீட்டில் குடியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை என் வீட்டிலும் குடியிருந்தது.

பெரட்டு என்ற சொல்லை இக்காலப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். விடிவதற்கு முன்பே தொழிலாளர்கள் திடலில் வரிசை பிடித்து நிற்க வேண்டும். கிராணி பெயர் கூப்பிடுவார். பிந்தி வந்தவருக்கு அன்றைய வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலியும் இல்லை. என் தந்தையார் ரப்பர் மரம் வெட்டியவர். வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு மிதிவண்டியில் இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்கு விரைந்த அவருடைய முதுகுதான் என் இளமைக்கால நினைவுகளில் முதன்மையானது. அவருக்கு நேரம் என்பது எப்பொழுதும் வேறு யாருக்கோ சொந்தமானதாகவே இருந்தது.

அந்தத் தோட்டத்தை விட்டு வெளியேறினோம். படித்தோம். பயிற்சிக் கல்லூரிக்குச் சென்றோம். ஆசிரியரானோம், அலுவலரானோம், மகிழுந்து வாங்கினோம். எல்லாம் சரி. ஆனால் பெரட்டை விட்டு வெளியேறினோமா? இதுவே என் கேள்வி.

நம் பிள்ளைகளின் விடுமுறை அட்டவணையைப் பாருங்கள். காலை எட்டு மணிக்குக் கணித டியூஷன், பத்தரைக்கு ஆங்கிலம், பிற்பகலில் மலாய்க் கட்டுரை, மாலையில் நடனம் அல்லது கராத்தே. இரவு வீட்டில் பயிற்சித்தாள். இவற்றில் ஒன்றுகூடத் தீயதன்று. ஆயின், எல்லாம் சேர்ந்து ஒரு நாளை முழுமையாக விழுங்கிவிடுகின்றன. முன்பெல்லாம் இதற்கு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். 2021ஆம் ஆண்டில் அத்தேர்வையே அரசு நீக்கிவிட்டது. நீக்கிய பிறகாவது பிள்ளைகளின் விடுமுறை அவர்களிடம் திரும்பி வந்ததா? வரவில்லை. தேர்வு போயிற்று, அதற்காக அடித்த முரசு மட்டும் நிற்கவில்லை. அப்படியானால் நோய் தேர்வில் இல்லை, நம்மிடம் இருக்கிறது என்றுதானே பொருள்?

கல்விச் சுற்றுலாவாவது வேறு வகையில் அமைகிறதா என்றால், அதுவும் இல்லை. நானே பலமுறை பொறுப்பாசிரியையாகச் சென்றிருக்கிறேன், ஆகவே குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. விடியற்காலை ஐந்து மணிக்குப் பேருந்து புறப்படும். ஒரே நாளில் நான்கு இடங்கள். இறங்கு, வரிசையில் நில், எண்ணிக்கை பார், படமெடு, ஏறு. பேருந்தின் குளிரில் பிள்ளைகள் உறங்கிப்போவார்கள். மறுநாள் "நான் சென்ற கல்விச் சுற்றுலா" என்று கட்டுரை எழுதச் சொன்னால், நாற்பது பிள்ளைகளும் பேருந்தில் உண்ட நாசி லெமாக்கைப் பற்றி எழுதுவார்கள். வேறு எதை எழுதுவார்கள், பாவம்! வேறு எதற்கும் நாம் நேரம் கொடுக்கவில்லையே.

இனி எங்கள் பயணத்திற்கு வருகிறேன். நான், என் கணவர், என் தம்பி, ஆறாம் ஆண்டில் பயிலும் மகள், நான்காம் ஆண்டில் பயிலும் மகன் என ஐவர். கோலத்திரெங்கானுவிலிருந்து தெற்கே மாராங், ரந்தாவ் அபாங், டுங்குன், பாக்கா, கெர்த்தே வழியாகக் கெமாசெக் வரை சென்றோம். ஏறத்தாழ 120 கிலோமீட்டர். மகிழுந்தில் இரண்டு மணி நேரம் போதும். நாங்கள் ஐந்து நாள் எடுத்துக்கொண்டோம். எங்களிடம் பந்தய மிதிவண்டிகள் இல்லை. பழைய மிதிவண்டிகளில் பின்னால் கூடாரத்தையும் பாயையும் கட்டிக்கொண்டு, முன்னால் தம்பி, நடுவில் பிள்ளைகள், கடைசியில் நாங்கள் இருவர் என ஒற்றை வரிசையில் சென்றோம். விடிந்ததும் புறப்படுவோம். பத்து மணிக்குமேல் வெயில் ஏறியதும் சவுக்கு மரங்களின் நிழலில் இறங்கிவிடுவோம். நான்கு மணிக்குமேல் மீண்டும் சிறிது தூரம். கெரொப்போக் லெக்கோர் பொரிக்கும் வாசம் வந்தால் நிற்போம். படகு கரையேறுவதைக் கண்டால் நிற்போம். நிற்பதற்குக் காரணமே இல்லாமலும் நின்றோம்.

இரண்டாம் நாள் நண்பகல். ஒரு சவுக்குத் தோப்பில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தோம். மகன் திடீரென்று கேட்டான்: "அம்மா, காலையில வலது காதுல காத்தடிச்சது. இப்ப இடது காதுல அடிக்குது. நாம திரும்பவே இல்லையே?"

நாங்கள் திரும்பவில்லைதான். தெற்கு நோக்கியே சென்றுகொண்டிருந்தோம். திரும்பியது காற்று. இரவில் நிலம் விரைவாகக் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். பகலில் நிலம் சூடேறி அதன்மேலுள்ள காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வரும். இதனை அறிவியல் பாடத்தில் படம் வரைந்து எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். அம்புக்குறிகளை மாற்றிப் போட்ட மாணவர்களைக் கடிந்தும் இருக்கிறேன். ஆனால் என் மகன் அதைத் தன் காதுகளால் கண்டுபிடித்த பிறகுதான், நானே அதுவரை அந்தக் காற்றுகளை உணர்ந்து பார்த்ததில்லை என்பது எனக்கு உறைத்தது.

அதோடு முடியவில்லை. மகள் விடவில்லை. "நீங்க வகுப்புல சொல்லிக் கொடுத்தீங்களே, வாடை, தென்றல், கோடை, கொண்டல்னு. இது எது?" என்றாள். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், மேற்கிலிருந்து வருவது கோடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல். கரும்பலகையில் எழுதிப்போட்டு மனனம் செய்ய வைத்தவள் நான். அந்த நான், கடற்கரையில் நின்றுகொண்டு சூரியனைப் பார்த்து, விரலால் திசைகளை எண்ணிய பிறகே விடை சொல்ல முடிந்தது. காலையில் வலக்காதில் பட்டது கோடை. இப்பொழுது இடக்காதில் படுவது கொண்டல். இரண்டு நாளில் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது. "கொண்டல் வந்தாச்சு, வண்டியை நிறுத்தலாம்" என்று மகன் சொல்லத் தொடங்கினான். எட்டாம் மணிக்கும் பத்தாம் மணிக்கும் உள்ள வேறுபாட்டை அவன் கடிகாரத்தில் பார்க்கவில்லை.

அன்பர்களே, நாம் காற்றுக்குத் திசைதோறும் தனித்தனிப் பெயர் வைத்த இனம். யாழ்ப்பாணத்து மீனவர்கள் இன்றும் வாடை என்றும் சோழகம் என்றும் பருவத்தைப் பிரித்துத் தொழிலுக்குப் போகிறார்கள். கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்று நாமும் வகுப்பறையில் ஒப்புவிக்கச் செய்கிறோம். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் முகத்தில் ஒரு முழு நாள் கடற்காற்று பட்டிருக்கிறது? திரெங்கானுவில் தமிழ்ப்பள்ளி ஒன்றுகூட இல்லை. கிளந்தானில் ஒன்றே ஒன்று உள்ளது. நம் மக்களில் பெரும்பாலோர் மேற்குக் கரையில் வாழ்பவர்கள். ஆகவே கிழக்குக் கரை நம் பிள்ளைகளுக்குப் புவியியல் பாடத்தில் வரும் ஒரு நீலக் கோடு மட்டுமே. சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் பொருளைப் பூட்டி வைப்பது மொழிக் கல்வியாகுமா? தமிழ் அழிகிறது என்று மேடைதோறும் முழங்குகிறோம். கொண்டல் என்ற சொல்லைப் பயன்படுத்த ஒரு கடற்கரையைப் பிள்ளைக்குக் காட்டாதவரை, அச்சொல் அகராதியில்தான் உயிர்வாழும்.

ரந்தாவ் அபாங்கில் ஓர் இரவு தங்கினோம். ஒரு காலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த கடற்கரை அது. மலாய்க்காரர்கள் பெலிம்பிங் என்றழைக்கும் பேராமை முட்டையிட வந்த இடம். 1950களில் அக்கரையோரம் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் காணப்பட்டன என்பார்கள். இன்றோ, ஒன்றுகூட வராத ஆண்டுகளே மிகுதி. முட்டைகளைத் தோண்டி எடுத்து விற்றதும், மீன்பிடி வலைகளில் ஆமைகள் சிக்கி மடிந்ததும் முதன்மைக் காரணங்கள். எல்லா வகைக் கடலாமை முட்டைகளின் விற்பனைக்கும் திரெங்கானுவில் முழுத்தடை வந்தது 2022இல்தான். கடை வைத்திருந்த மூதாட்டி ஒருவர், தாம் சிறுமியாக இருந்தபோது ஆமை பார்க்க வந்த பேருந்துகளின் வரிசையைப் பற்றிச் சொன்னார். பிள்ளைகள் தேநீரை ஆறவிட்டுவிட்டுக் கேட்டார்கள். அவர் கடையின் சுவரில் ஒரு படம் இருந்தது. ஆமையின் முதுகில் ஏழு வரம்புகள். விளிம்பு விளிம்பாக இருக்கும் பெலிம்பிங் பழத்தின் பெயரை மலாய்க்காரர்கள் அதற்கு இட்டார்கள். தமிழில் ஏழுவரி ஆமை என்ற பெயர் உண்டு. மகள் படத்தருகே சென்று விரல் வைத்து எண்ணினாள். மகிழுந்தில் போயிருந்தால் அவ்விடம் எங்களுக்கு ஒரு பெயர்ப்பலகையாகக் கடந்து போயிருக்கும்.

எல்லாம் இன்பமாகவே நடந்தது என்று கதை அளக்கமாட்டேன். அன்று மாலை, விடியலைப் பார்க்கும் ஆசையில் கூடாரத்தின் வாயிலைக் கடல் பக்கம் வைத்துவிட்டோம். காற்று உள்ளே புகுந்து கூடாரம் பலூன்போல உப்பியது. மணலில் அடித்த முளைகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பாக் சிக் வந்து, வாயிலைத் திருப்பச் சொன்னார். பைகளில் மணலை நிரப்பி, கயிற்றில் கட்டி, முழ ஆழத்தில் புதைக்கச் சொன்னார். முளை நிற்காத மணலில் அந்தப் பைகள் அசையவில்லை. காற்றைக் கற்றுவிட்டோம் என்று இறுமாந்து படுத்தோம். நள்ளிரவுக்கு மேல் இடிமழை வந்தது, நிலப்பக்கத்திலிருந்து! நாங்கள் திருப்பி வைத்த வாயில் வழியாகவே மழை உள்ளே வந்தது. இடி மின்னலில் மரத்தடியில் இருத்தல் ஆகாது என்று, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பூட்டிக் கிடந்த கடையின் தாழ்வாரத்துக்கு ஓடினோம். விடியும்வரை ஐவரும் நனைந்த போர்வையில் ஒடுங்கி அமர்ந்திருந்தோம். எனக்கு அச்சமாகத்தான் இருந்தது. என் பிள்ளைகளின் முன் நான் அச்சத்தை மறைக்கவும் இல்லை.

இனி, எதிர்ப்புகளுக்கு வருவோம்.

முதலாவது, பெண்பிள்ளை கறுத்துவிடுவாள் என்பது. உறவினர் பலர் இதைத்தான் முதலில் சொன்னார்கள். மகனைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வெயிலுக்குத் தொப்பியும் நீளக் கைச்சட்டையும் உண்டு. இந்த மனநோய்க்குத்தான் மருந்து இல்லை. பன்னிரண்டு வயதுப் பெண் தன் சுமையைத் தானே கட்டி, தன் சக்கரத்தின் பஞ்சரைத் தானே ஒட்டக் கற்றுக்கொண்டாள். அதைவிட அவள் தோலின் நிறம் பெரிதென்று கருதுவோருடன் வாதிட எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, ஆபத்து. இது நியாயமான கேள்வி. நம் நாட்டுச் சாலைகள் மிதிவண்டிக்காக அமைக்கப்பட்டவை அல்ல. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் பின்னிரவில் மிதிவண்டிகளில் கூடியிருந்த பதின்ம வயதினர்மீது மகிழுந்து மோதி எட்டுப் பேர் உயிரிழந்ததை எந்தப் பெற்றோரும் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. ஆகவேதான் இருட்டில் நாங்கள் ஒருபோதும் ஓட்டவில்லை. கிழக்குக் கரை நெடுஞ்சாலை 2015இல் திரெங்கானுவில் முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, தொலைதூர வண்டிகள் பல அதற்கு மாறிவிட்டன. ஆயினும் பழைய கடலோரச் சாலையிலும் லாரிகள் ஓடத்தான் செய்கின்றன. முடிந்த இடங்களில் கம்பத்துச் சாலைகளில் சென்றோம். ஓரம் இல்லாத இடங்களில் இறங்கித் தள்ளினோம். எண்ணெய், எரிவாயு ஆலைகள் நிறைந்த கெர்த்தேப் பகுதியில் பிள்ளைகளை ஒரு சிறு லாரியில் ஏற்றிக் கடந்தோம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரியவர்கள் உடன் சென்று சாலை ஒழுங்கைக் கற்பிக்காத பிள்ளைகளே நண்பர்களோடு இரவில் ஓட்டக் கற்றுக்கொள்கிறார்கள். தடுப்பது எளிது, உடன் செல்வது கடினம். நாம் எளியதைத் தேர்ந்துகொண்டு அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிடுகிறோம்.

மூன்றாவது, நேரம் வீணாகிறது என்பது. ஐந்து கணிதத் தாள்கள் போயின, உண்மைதான். அவற்றை அதற்கடுத்த வாரத்தில் மகள் செய்து முடித்தாள். பத்து வயதில் பெறாத அந்த நண்பகலை எந்த வாரத்தில் கொண்டுபோய் ஈடுகட்டுவது?

நான்காவது எதிர்ப்பே எனக்குக் கடினமானது. அது என் அம்மாவிடமிருந்து வந்தது. புறப்படுவதற்கு முதல்நாள் அவர் சொன்னார்: "உங்கப்பா காலம் பூரா மிதிச்சாரு. நீங்க மிதிக்கக்கூடாதுன்னுதானே மிதிச்சாரு?"

அன்று எனக்கு மறுமொழி தெரியவில்லை. மிதிவண்டி நம் சமூகத்துக்கு ஏழ்மையின் சின்னம். அதிலிருந்து இறங்கி மகிழுந்தில் ஏறியதே நம் முன்னேற்றத்தின் கதை. கூடாரம் என்பதும் அப்படியே. ஒழுகும் கூரையின்கீழ் லயத்து வீட்டில் படுத்தவர்கள், காசு கொடுத்துக் கூடாரம் வாங்கி மழையில் நனைவதை எப்படி ஏற்பார்கள்? அம்மாவின் வருத்தத்தை நான் கேலி செய்யமாட்டேன்.

ஆனால் அந்தத் தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது யோசித்துப் பார்த்தேன். அப்பா காலமெல்லாம் மிதித்தார், மெய்தான். எங்கே போவதற்கு மிதித்தார்? பெரட்டுக்கு, பால் நிறுக்கும் கொட்டகைக்கு, மருந்தகத்துக்கு, என் பள்ளிக் கட்டணம் செலுத்துவதற்கு. ஒருமுறையேனும், போக வேண்டிய கட்டாயம் இல்லாத ஓர் இடத்திற்கு, பிந்தினால் கேட்பாரில்லாத ஒரு வேளையில், அவர் மிதித்ததுண்டா? இல்லை. கிழக்குக் கரைக் கடலை அவர் பார்க்காமலேயே மறைந்தார். அவரிடமிருந்து பறிக்கப்பட்டது மகிழுந்து அன்று, தம் விருப்பப்படி செலவிடுவதற்குரிய ஒரு நாள். நாம் மிதிக்கக்கூடாது என்று அவர் உழைத்தார் என்பது பாதி உண்மை. நாம் பெரட்டுக்காக ஓடக்கூடாது என்றுதான் உழைத்தார். அந்த நாள் இப்பொழுது நம் கையில் இருக்கிறது. அதை வாங்கி மீண்டும் ஓர் அட்டவணையில் ஒப்படைக்கிறோமே, இதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. நாமே தொழிலாளி, நாமே கிராணி. பெயர் கூப்பிடப்படுவதோ நம் பிள்ளைகள்.

எல்லாரும் திரெங்கானுவுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு விடுப்பும் பொருளும் உடல்நலமும் எல்லாக் குடும்பத்துக்கும் வாய்க்கா. மேற்குக் கரையில் இருப்போருக்கு மோரிப் இருக்கிறது, பாகான் லாலாங் இருக்கிறது, போர்ட்டிக்சன் இருக்கிறது. பத்துக் கிலோமீட்டர் போதும். ஓர் இரவு போதும். மிதிவண்டி இல்லையென்றால் நடக்கலாம். ஆனால் ஒன்று மட்டும் வேண்டும்: அட்டவணை வேண்டா. எத்தனை இடம் பார்த்தோம் என்று எண்ண வேண்டா. ஆசிரியத் தோழர்களே, அடுத்த கல்விச் சுற்றுலாவுக்கு நான்கு இடங்களை எழுதும்போது மூன்றை அடித்துவிடுங்கள். எஞ்சிய ஓரிடத்தில் பிள்ளைகளை ஒரு முழுநாள் விட்டுப்பாருங்கள். "சலிப்பாக இருக்கிறது" என்று முதல் ஒரு மணி நேரம் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும். அதன் பிறகுதான் காற்று எந்தக் காதில் அடிக்கிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள்.

நாங்கள் திரும்பிய மாலை, அம்மா வாசலில் நின்றார். நனைந்து உலராத கூடாரத்தைப் பார்த்தார், பிள்ளைகளின் கறுத்த முகங்களைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரவு உணவுக்குப் பிறகு என் மகனைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, "கடல் எப்படிய்யா இருந்துச்சு?" என்று கேட்டார். அவன் கொண்டலில் தொடங்கினான். அம்மா உறங்கப் போகையில் மணி பதினொன்றாகிவிட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அவனுக்கு எந்த வகுப்பும் இல்லை.